தரையில் உட்காருங்கள், டீச்சர்!

கே: முன்பள்ளி ஆசிரியைக்குத் தலைமைத்துவப் பயிற்சி எதற்கு? இருபது பிள்ளைகளைப் பார்ப்பது என்ன பெரிய ராச்சியமா?
– வாசகர், கந்தளாய்

ப: ராச்சியம் சுலபம் ஐயா. இங்கே ஒருத்தி அம்மாவின் சேலைத் தலைப்பை விடமாட்டாள், ஒருவன் மணலைத் தின்பான், இன்னொருவன் நின்ற இடத்திலேயே காற்சட்டையை நனைப்பான். மூன்றும் ஒரே நிமிடத்தில். முகம் சுளிக்காமல் சமாளிக்கிறவருக்கு நாட்டையே கொடுக்கலாம்.

கே: நல்ல தலைமைக்கு முதல் அடையாளம்?
– வாசகி, முள்ளிப்பொத்தானை

ப: முழங்கால். பிள்ளையின் கண் மட்டத்துக்கு மடங்க வேண்டும்.

கே: பிள்ளைகளின் சத்தம் தாங்க முடியவில்லை. நானும் கத்தினால்தான் அடங்குகிறார்கள்.
– ஆசிரியை, பேராறு

ப: குளத்தடியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? தண்ணீரைக் கட்டி வைப்பதோடு வேலை முடியுமா, துருசைத் திறந்து வயலுக்கு விட வேண்டாமா? பாட்டு, ஓட்டம், மண் விளையாட்டு – இவைதான் உங்கள் துருசு. காலையிலேயே திறந்துவிடுங்கள்.

கே: தெருவுக்குத் தெரு ‘மொன்டிசோரி’ என்று பலகை தொங்குகிறதே, யார் அந்த அம்மா?
– வாசகர், தம்பலகாமம்

ப: இத்தாலிய மருத்துவர். 1907 ஜனவரி 6ஆம் திகதி ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், உலகப் போரால் இந்தியாவிலேயே தங்கிவிட்டார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். பிள்ளையின் அளவுக்குக் கதிரை, மேசை செய்வித்தவர் அவர். பலகையை விடுங்கள், உள்ளே போய் கதிரையில் இருக்கும் பிள்ளையின் கால் தரையில் படுகிறதா என்று பாருங்கள்.

கே: அரசாங்கம் பாலர் பள்ளிக்குப் பயந்ததுண்டா?
– வாசகர், கிண்ணியா

ப: உண்டு. ஜெர்மானியர் ஃபுரோபல் தொடங்கிய கிண்டர்கார்டனைப் பிரஷ்ய அரசு 1851இல் தடை செய்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். 1860இல் தடை நீங்கியது. தடை போட்டவர்களின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

கே: சிங்களம் பேசும் பிள்ளை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. எனக்கு அந்த மொழி அரைகுறை. என்ன செய்ய?
– ஆசிரியை, கந்தளாய்

ப: அரைகுறை போதும். உங்கள் ஊர்ப் பக்கத்து முன்பள்ளி ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பொடியன் “வத்துர, வத்துர” என்று அழுதான். டீச்சர் அவனுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நீலப் போத்தலைத் தூக்கிக் காட்டி, எல்லாருக்கும் கேட்க “வத்துர – தண்ணி” என்றார். வகுப்பே திருப்பிச் சொன்னது. அவன் மடமடவென்று குடித்தான், வாயைப் புறங்கையால் துடைத்தான், மிச்சத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் நீட்டி “தண்ணி” என்றான். பெரியவர்கள் எத்தனை மாநாடு போட்டும் எட்டாத இடத்துக்கு ஒரு போத்தல் போய்விட்டது!

கே: “பக்கத்து நேசறியில் மூன்று வயதிலேயே ஏ பி சி டி எழுதுகிறார்கள்” என்று பெற்றார் சண்டைக்கு வருகிறார்கள்.
– ஆசிரியை, மூதூர்

ப: அந்த விரல் முதலில் மா பிசையட்டும், மணி கோக்கட்டும், புளியங்கொட்டை பொறுக்கட்டும். பென்சில் தானாகப் பிடிபடும். இதைப் பெற்றாரைக் கூட்டி வைத்துச் சொல்வது தலைமை. பயந்து கொப்பியை நீட்டுவது வியாபாரம்.

கே: உதவி ஆசிரியை எனக்கு யோசனை சொல்கிறார். ஏற்கலாமா?
– பொறுப்பாசிரியை, திருகோணமலை

ப: சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து கொடுப்பது யார்? அவர்தானே! எந்தப் பிள்ளை வெறும் பெட்டியோடு வந்தது என்று அவருக்குத்தான் தெரியும். கேளுங்கள்.

கே: இவ்வளவு சொல்கிறீர்கள், எங்கள் சம்பளத்தைப் பற்றி?
– ஆசிரியை, கந்தளாய்

ப: அமெரிக்காவின் மிச்சிகனில் 1962இல் தொடங்கிய பெரி முன்பள்ளி ஆய்வு, 123 ஏழைப் பிள்ளைகளை நடுவயது வரை தொடர்ந்தது. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மனும் குழுவினரும் அதில் கணக்குப் போட்டார்கள்: முன்பள்ளியில் போட்ட காசு சமூகத்துக்கு ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் திரும்புகிறது. வட்டி ஊருக்கு, வெறுங்கை டீச்சருக்கு என்றால் அது அநியாயம். பெற்றாரே, இந்த மாதக் கட்டணத்தைப் பத்தாம் திகதிக்கு முன் கொடுத்துவிடுங்கள்.