டாப் லிங்க் போட்டால் தாங்குமா?

கேள்வி: என் பழைய ஜிப்ஸியில் கமான் பட்டையைக் கழற்றிவிட்டு, காயில் ஸ்பிரிங்கும் நாலு லிங்க் கம்பியும் போட ஆசை. கம்பி முனையில் மாட்டும் ராட் எண்ட் மூட்டின் விலையைக் கேட்டதும் ஆசை பாதியாகிவிட்டது. டிராக்டரில் கலப்பையை மேலே பிடிக்கும் டாப் லிங்கின் முனையை வைத்து ஒப்பேற்றினால் தாங்குமா?
— கொரட்டூர் வாசகர்

பதில்: தாங்கும். உழும்போது கலப்பை பாறையில் இடித்தாலும், தூக்கிய கலப்பையோடு வரப்பில் குதித்தாலும் தாங்குவதற்கென்றே அடித்த முனை அது. உங்கள் ஜிப்ஸியின் மொத்த எடையே ஏறக்குறைய ஒரு டன்தான். அதை வைத்துக்கொண்டு அந்த வளையத்தை அறுப்பது கஷ்டம்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. ஆடாமல் இருக்குமா என்று கேளுங்கள். வளையத்துக்குள் ஓர் எஃகு உருண்டை, உருண்டைக்குள் ஒரு துளை, துளைக்குள் பின். வயலில் நின்றபடி விவசாயி கையாலேயே பின்னைச் செருகவும் உருவவும் வேண்டும் என்பதால் எல்லாவற்றிலும் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் செய்கிறார்கள். கலப்பைக்கு அந்த இடைவெளி சௌகரியம். ஆக்ஸிலுக்கு அதே இடைவெளி நோய்.

கணக்குப் போட்டே பார்ப்போம். ஒவ்வொரு மூட்டிலும் 1 மில்லிமீட்டர் ஆட்டம் என்று வையுங்கள். ஒரு கம்பிக்கு இரண்டு முனை, ஆக 2 மில்லிமீட்டர். கீழ்க் கம்பிகள் இரண்டும் 800 மில்லிமீட்டர் தள்ளி இருந்து, ஒன்று முன்னெல்லையிலும் மற்றது பின்னெல்லையிலும் நின்றால், பின் ஆக்ஸில் யாரையும் கேட்காமல் டிகிரியில் ஏழில் ஒரு பங்கு திரும்பிவிடும். பாறைமேல் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது இது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பைபாஸில் எண்பதில் போகும்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைக்குத் தெரியும். தவிர, ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஒரு அடி, விடும்போது ஒரு அடி என்று உருண்டை வளையத்தை இடித்துக்கொண்டே இருக்கும். இடிக்க இடிக்க இடைவெளி பெருகும். பெருகிய இடைவெளி இன்னும் பலமாக இடிக்கும்.

என் தீர்ப்பு: டிரெய்லரில் ஏற்றிப் போய், சேற்றிலும் பாறையிலும் மெதுவாக ஓட்டிவிட்டு, திரும்ப ஏற்றி வரும் வண்டி என்றால் தைரியமாகப் போடுங்கள். அதிலும் சேஸிஸ் பக்கம் டிராக்டர் உருண்டை, ஆக்ஸில் பக்கம் நல்ல ரப்பர் புஷ் என்று கலந்து போட்டால் ஆட்டம் பாதியாகும், முறுக்கும் தடைபடாது. நாளை அதே வண்டியில் அலுவலகம் போகவேண்டும் என்றால் கமான் பட்டையைக் கழற்றாதீர்கள். பட்டை பாவம், ஆக்ஸிலைப் பிடிக்கிற வேலை, எடை சுமக்கிற வேலை இரண்டையும் ஒற்றை ஆளாகச் செய்துகொண்டிருக்கிறது.

கேள்வி: இந்த டாப் லிங்க் யார் மூளை?
— வில்லிவாக்கம் வாசகி

பதில்: வடக்கு அயர்லாந்தில் விவசாயி மகனாகப் பிறந்த ஹாரி ஃபெர்குசன். கலப்பையைச் சங்கிலியால் இழுத்த காலத்தில், அது எதிலாவது மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பி ஓட்டுநர் மேலேயே கவிழ்ந்துவிடும். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என்று மூன்று புள்ளியில் கலப்பையை டிராக்டரோடு சேர்த்துக் கட்டினார் ஃபெர்குசன். 1939-இல் ஃபோர்டோடு சேர்ந்து கொண்டுவந்த 9என் டிராக்டர் அந்த ஏற்பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது. மேலே இருக்கும் அந்த ஒற்றைக் கைதான் நம் டாப் லிங்க். உயிர் காக்கப் பிறந்த கம்பி என்பதால் அதன்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

பிறகு மாஸி ஹாரிஸ் கம்பெனியும் ஃபெர்குசனும் 1953-இல் ஒன்றாயின. அந்த மாஸி ஃபெர்குசனோடு கைகோத்து 1960-இல் தொடங்கியதுதான் நம் டாஃபே டிராக்டர் கம்பெனி. அதன் செம்பியம் வளாகம் உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரம்தான்.

கேள்வி: டாப் லிங்க் துளைக்கு 18 எம்எம் போல்ட் போட்டால் ஆடுகிறது. 20 எம்எம் நுழையவில்லை. என்ன செய்ய?
— பாடி டர்னர் ஒருவர்

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரவேண்டும். மூன்று புள்ளி இணைப்பின் அளவுகள் அங்குலத்தில் பிறந்தவை. முதல் வகை டிராக்டரில் டாப் லிங்க் பின் முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். கீழ்க் கைகளின் பின் 22. இரண்டாம் வகையில் அவையே 25, 28 என்று தடிக்கின்றன. மில்லிமீட்டர் போல்ட் வரிசையில் 19 கிடையாது என்பதால்தான் உங்கள் தொல்லை. முக்கால் அங்குல போல்ட்டைத் தேடி வாங்குங்கள். உருண்டையை ரீமர் போட்டுப் பெரிதாக்கவே கூடாது. கீழ்க் கையின் 22 உருண்டையை எடுத்துக்கொண்டால் எம்22 போல்ட் ஒழுங்காக உட்காரும்.

போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் எட்டு இழுவிசைக்கு: சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறாது. அடுத்த எட்டு, அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை நிரந்தரமாக நீளாது. எண் இல்லாத போல்ட் கேட் கீலுக்கு. சுந்தரம் ஃபாஸனர்ஸ் இருக்கிற பாடியில் இருந்துகொண்டு எண் பார்க்காமல் போல்ட் வாங்கலாமா? அப்புறம், பிராக்கெட் இரண்டு காதாக இருக்கட்டும். ஒற்றைக் காதில் தொங்கும் போல்ட் வளைந்துகொண்டே இருக்கும், ஒருநாள் அறுந்துவிடும்.

இன்னொன்று. உருண்டைக்கு இரண்டு பக்கமும், வளையத்தின் வாயைவிடப் பெரிய வாஷர் போடுங்கள். தேய்ந்துபோய் உருண்டை வாயைத் தாண்டி வெளியே வந்தாலும், கம்பி போல்ட்டை விட்டுப் போகாது. இருபது ரூபாய் வாஷர்தான் என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ராட் எண்ட் மட்டும் ஏன் அவ்வளவு விலை?
— அம்பத்தூர் வாசகர்

பதில்: அது ஆகாய விமானத்துக்குப் பிறந்த பிள்ளை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஹைம் கம்பெனியும், இங்கிலாந்தில் கெய்ன்ஸ்பரோவின் ரோஸ் பிரதர்ஸும் செய்ததால் ஒரு தேசத்தில் ஹைம் ஜாயிண்ட், மறு தேசத்தில் ரோஸ் ஜாயிண்ட். உருண்டையை அச்சாகத் தேய்த்து, வளையத்தோடு இடைவெளியே இல்லாமல் உட்கார வைக்கிறார்கள். நல்ல ரகங்களில் நடுவே டெஃப்ளான் படலமும் உண்டு. நீங்கள் கொடுக்கும் காசு வலிமைக்கு இல்லை, அந்த இல்லாத இடைவெளிக்கு.

கேள்வி: ஸ்டியரிங் கம்பிக்கும் டாப் லிங்க் முனையே போடலாமா?
— பூந்தமல்லி வாசகர்

பதில்: கூடாது. எந்த வண்டியிலும், எந்த வேகத்திலும் கூடாது.

கேள்வி: அப்படியானால் டிராக்டரின் டை ராட் எண்டை சஸ்பென்ஷன் கம்பிக்குப் போடலாமே?
— அதே வாசகர்

பதில்: விடமாட்டீர்கள் போலிருக்கிறது. டை ராட் எண்டில் உருண்டையும் கூம்பு வடிவத் தண்டும் ஒரே துண்டு. பொதுவாக உள்ளே ஒரு ஸ்பிரிங் உருண்டையை அழுத்திக்கொண்டிருக்கும், மேலே ரப்பர் உறை இருக்கும். ஆட்டமே இல்லாத அருமையான மூட்டுதான். ஆனால் அது ஒற்றைப் பக்கம் பிடித்துத் தொங்குவது, சக்கரத்தைத் திருப்பும் விசைக்கு என்று செய்தது. பாறையில் இடித்த ஆக்ஸில் மொத்த வண்டியையும் பின்னால் தள்ளும்போது அந்த மெல்லிய தண்டில் விழும் அடி வேறு. ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு வேலை உண்டு, அதில் விடுங்கள்.

கேள்வி: டாப் லிங்க் முனையை பைப்போடு பற்றவைக்கிறேன். ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விடுகிறது.
— எஸ்டேட் வெல்டர்

பதில்: 1964-இலிருந்து தீப்பொறி பறக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நான் வெல்டிங் சொல்லித்தரத் தேவையில்லை. இருந்தாலும், அந்த முனை பெரும்பாலும் கரிச்சத்து கூடிய அடித்த எஃகு. பைப் சாதா எஃகு. சூடேற்றாமல் பற்றவைத்து, அவசரத்தில் தண்ணீர் ஊற்றினால் ஒட்டுக்குப் பக்கத்து உலோகம் கண்ணாடியாக இறுகி விரியும். முன்சூடு கொடுங்கள், மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள். உருண்டையருகே சூடு போகாமல் ஈரத்துணி சுற்றுங்கள்.

அதைவிட நல்ல வழி, பற்றவைக்காமலே விடுவது. டாப் லிங்கில் ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை. சாதா எஃகில் தடித்த உருளை கடைந்து, உள்ளே அதே மரை வெட்டி, அதைப் பைப்பில் பற்றவையுங்கள். முனையைத் திருகி, செக் நட் போட்டு இறுக்கினால் கம்பி நீளத்தையும் சரிசெய்துகொள்ளலாம். வெளியே தெரியும் மரை மட்டும் குறைவாக இருக்கட்டும். மரையின் அடிப்பள்ளத்தில்தான் முறிவு தொடங்கும்.

கேள்வி: எங்கள் கல்லூரி அணி பாஹா போட்டிக்கு வண்டி கட்டுகிறது. பட்ஜெட் இல்லை. டாப் லிங்க் போடலாமா?
— ஆவடி மாணவி

பதில்: 2007-இல் பிதாம்பூரில் எஸ்ஏஇ இந்தியா தொடங்கிய போட்டி, எத்தனையோ பிள்ளைகளின் கையில் ஸ்பேனரைக் கொடுத்தது. உங்கள் அணிக்கு என் வாழ்த்து. ஆனால் உங்களுக்குக் கிடைப்பது பத்துக் குதிரை எஞ்சின். அதில் கிலோ கிலோவாக டிராக்டர் இரும்பை ஏற்றினால் மேட்டில் நின்றுவிடும். சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் பாகத்தில் எடை கூடினால் ஸ்பிரிங்குக்கும் வேலை கூடும். சிறிய ராட் எண்டே போடுங்கள். காசு போதவில்லை என்றால் மூட்டின் எண்ணிக்கையைக் குறைக்கும் வடிவத்தை யோசியுங்கள். பின் சக்கரத்துக்கு ஒற்றை டிரெய்லிங் ஆர்ம், இரண்டு புஷ். முடிந்தது.

கேள்வி: ஆர்டிஓ பிடிப்பாரா?
— திருமுல்லைவாயல் வாசகர்

பதில்: பிடிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எதிரே ஸ்கூட்டியில் குழந்தையோடு வருகிறவருக்கு உங்கள் டாப் லிங்கில் எந்தப் பங்கும் இல்லை. அவருக்காகத்தான் அந்தச் சட்டம்.

கேள்வி: கொரட்டூர் ஏரி உள்பக்கம் சோதனை ஓட்டம் விடலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: பெயர் வேண்டாம் என்றபோதே உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கிறது. கழிவுநீர் கலப்பதைத் தடுக்க ஊர்க்காரர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்ப் போராடிய ஏரி அது. அங்கே டயர் படக் கூடாது. உரிமையாளர் அனுமதி தந்த தனியார் நிலத்தைத் தேடுங்கள்.

கேள்வி: ஓட்டிவிட்டு வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?
— கொரட்டூர் வாசகர்

பதில்: முதலில் கழுவுங்கள். திறந்த உருண்டையில் க்ரீஸ் மணலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கழுவித் துடைத்த பிறகு புது க்ரீஸ், அதன்மேல் பழைய டியூபை வெட்டி ஓர் உறை. அடுத்து, இன்னொருவரை வண்டியில் உட்கார வைத்து, பிரேக்கை மிதித்தபடி முன்னும் பின்னும் லேசாக அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் குனிந்து, மூட்டில் விரலைக் கொடுக்காமல், கம்பிமேல் மட்டும் கை வையுங்கள். 'டொக்' என்று கைக்கு வந்தால் அந்த முனையை மாற்றுங்கள். டிராக்டர் ஸ்பேர்ஸ் கடையில் இன்னொன்று கிடைக்கும்.