அறுபது நாள் அருளிய வள்ளல்களே, வாழி!

டெல்லி சன்சத் மார்க்கில் ரிசர்வ் வங்கியின் வாசலை, ராம்கிங்கர் பைஜ் வடித்த யக்ஷனும் யக்ஷியும் காத்து நிற்கிறார்கள். இருவரும் குபேரனின் பரிவாரம். யக்ஷன் கையில் பணப்பை, யக்ஷி கையில் தானியக் கதிர். அதே சாலையில், கூப்பிடு தூரத்தில், ஜீவன் தாரா கட்டடத்தில் கடன் வசூல் தீர்ப்பாயம் கொலுவீற்றிருக்கிறது. கடன் தருவோரின் தலைவாசலையும் அதைத் திரும்பப் பறிக்கும் மண்டபத்தையும் ஒரே தெருவில் அமைத்த தலைநகரின் தயாளம்தான் என்னே! வீட்டை இழக்கப்போகும் குடிமகன் வெயிலில் அதிக தூரம் அலைய வேண்டியதில்லை.

முதலில் மிதக்கும் வட்டியின் பெருந்தன்மையைப் போற்றுவோம். 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த, அந்த வட்டியை ஆட்டுவிக்கும் ரெப்போ விகிதம், 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமாக வளர்ந்தருளியது. வங்கிப் பெருமக்கள் தவணையை உயர்த்தி ஏழை மனத்தை நோகடிக்க விரும்பவில்லை. தவணையை அப்படியே விட்டுவிட்டு ஆண்டுகளை மட்டும் அள்ளிக் கொடுத்தார்கள். 50 லட்சம் ரூபாய்க் கடன், 6.7 சதவீதம், 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 37,870 ரூபாய். வட்டி 9.2 ஆனதும் அந்த 50 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 38,333 ரூபாய். ஒரு மாதமும் தவறாமல் கட்டிக்கொண்டே இருக்கலாம். கடனும் வாடாமல் வதங்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும். முதலே இல்லாமல் மரம் வளர்க்கும் இந்த அரிய கலையை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் ‘கூடாது’ என்று சொல்லிவிட்டது. கலைக்கு நேர்ந்த இழப்பு அது.

இனி, மீட்புக்கென்றே திறந்து வைத்திருக்கும் பொன்வாசலைப் பாடுகிறேன்: பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர். ஒரு வங்கியின் கடனை இன்னொரு வங்கிக்கு மாற்றிக்கொண்டு, வட்டியைக் குறைத்து, வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் உபாயம். தனிநபரின் மிதக்கும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012லேயே ஆணையாகிவிட்டதால் வாசலில் சுங்கச்சாவடிகூட இல்லை. பிராசஸிங் ஃபீஸ், லீகல் ஃபீஸ், வேல்யூவேஷன் ஃபீஸ் என்று சில புஷ்பங்களை மட்டும் காணிக்கை செலுத்தினால் போதும். உள்ளே நுழையும் தகுதி என்ன? கடந்த 12 மாதங்களில் ஒரு தவணையும் பவுன்ஸ் ஆகியிருக்கக் கூடாது. சிபில் ஸ்கோர் 750க்குக் குறையாமல் இருந்தால் உத்தமம். சம்பளச் சீட்டு சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும். அதாவது, இந்த உதவி எவனுக்குத் தேவையே இல்லையோ அவனைத் தேடிப்பிடித்து, ஒரு நாளைக்கு நாலுமுறை போன் போட்டு, சார், சார் என்று கெஞ்சி அழைத்துக் கொடுப்பார்கள். கரையில் நிற்பவனுக்குக் கயிறு வீசி, தண்ணீரில் தத்தளிப்பவனிடம் நீச்சல் சான்றிதழ் கேட்கும் இந்த முன்னெச்சரிக்கைக்கு ஈடு உண்டா?

தத்தளிப்பவனை வெறுங்கையோடு அனுப்புகிறார்கள் என்று யாரும் பழிக்க வேண்டாம். பட்டம் கொடுத்தே அனுப்புகிறார்கள். தவணை நாள் தாண்டியதும் எஸ்.எம்.ஏ-0, அதாவது தனிக் கவனத்துக்குரிய கணக்கு. முப்பது நாள் தாண்டினால் எஸ்.எம்.ஏ-1. அறுபது தாண்டினால் எஸ்.எம்.ஏ-2. தொண்ணூறு நாள் தாண்டியவருக்கு என்.பி.ஏ. (வாராக்கடன்) என்னும் மகாபட்டம். வேலை போனதா, ஆஸ்பத்திரியில் கிடந்தாரா என்றெல்லாம் பட்டமளிப்போர் அற்ப விசாரணை செய்வதில்லை. பட்டம் பெற்றவரின் புகழ் கடன் தகவல் நிறுவனங்கள் வழியே நாட்டின் வங்கிகள் அனைத்துக்கும் பரவிவிடுவதால், அவர் எந்த வங்கியில் கால் வைத்தாலும் அறிமுகமே தேவைப்படாது.

இப்போது 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் முன் எழுந்து நின்று வணங்குவோம். நீதிமன்றப் படியேறாமலே வீட்டைக் கைப்பற்றும் வரத்தைக் கடன் கொடுத்தவர்க்கு அருளிய சட்டம். 13(2) பிரிவில் ஒரு நோட்டீஸ். முழுத் தொகையையும் கட்ட 60 நாள். 20 ஆண்டில் அடைப்பதாக ஒப்புக்கொண்ட கடனை இரண்டே மாதத்தில் அடைத்துவிடுவான் என்று ஒரு சாமானியன் மீது இத்தனை நம்பிக்கை வைத்தவர் வேறு யார்? அவன் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் தருவார்கள். அந்தப் பதில் எவ்வளவு அநியாயமாக இருந்தாலும் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது என்பதையும் சட்டமே தெளிவுபடுத்தியிருக்கிறது. சிவில் கோர்ட்டின் கதவை 34ஆம் பிரிவு சாத்தி வைத்திருக்கிறது. வக்கீல் செலவு மிச்சம்.

60 நாள் கடந்ததும் அலங்காரம். டெல்லி மயூர் விஹாரில் ஒரு மூன்றாம் மாடி ஃபிளாட். வாசலில் காலையில் போட்ட கோலம். நிலைப்படியில் பொங்கலுக்குக் கட்டிக் காய்ந்த மாவிலை. வங்கி அதிகாரி வருகிறார், கூடவே வக்கீல், பசை டப்பாவுடன் ஒரு பையன். கதவின் நட்டநடுவில், எதிர்வீட்டார் லிஃப்டிலிருந்து இறங்கியதும் கண்ணில் படும் உயரத்தில், வீட்டைக் கைப்பற்றியதாகச் சொல்லும் நோட்டீஸை ஒட்டி, சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் தடவிவிட்டு, தேதியும் நேரமும் தெரிய செல்போனில் படம் பிடிக்கிறார்கள். ‘க்யா ஹுவா, பாபிஜி?’ (என்ன ஆச்சு, அண்ணி?) என்று பக்கத்து ஃபிளாட்டில் கேட்கிறார்கள். பாபிஜி என்ன சொல்வாள், பாவம். அதோடு நிற்பதில்லை மரியாதை: இரண்டு நாளிதழ்களில், அதிலும் ஒன்று வட்டார மொழியில், பெயரும் முகவரியும் கடன் தொகையும் அச்சேறும். ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தைப் பாமரரும் படித்துணர வேண்டுமென்ற இந்த மொழிப்பற்று நெஞ்சை நெகிழ்விக்கிறது.

நீதி கிடைக்காது என்று சொல்வோர் நாக்கு அழுகட்டும். கைப்பற்றும் நடவடிக்கை எடுத்த 45 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தொடக்கத்தில் அந்த முதல் படிக்கே கடனில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டு வரச் சொன்னது சட்டம். ரசனை குறைந்த உச்ச நீதிமன்றம் 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் அதை நீக்கிவிட்டது. ஆனாலும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் படியில் 50 சதவீதம் இன்றும் பத்திரமாக இருக்கிறது. மனமிரங்கினால் 25 வரை குறைப்பார்கள். மாதம் முப்பத்தெட்டாயிரம் கட்ட முடியாதவனிடம் பன்னிரண்டரை லட்சமாவது கொண்டுவந்து குறைசொல்லச் சொல்லும் நயம் கவனிக்கத்தக்கது.

ஒருவழியாக அண்ணன் நிலத்தை விற்று, மனைவி நகையை வைத்து, யாரோ ஒரு புண்ணியவானின் நிதி நிறுவனம் கூடுதல் வட்டிக்கு மறுகடனும் தந்து, பணம் முழுதாகக் கைக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். முன்பெல்லாம் விற்பனை முடியும்வரை கொண்டுபோய்க் கட்டி வீட்டை மீட்கலாம். 2016 திருத்தம் அந்தத் தொங்கலை ஒழித்தது; ஏல அறிவிப்பு வெளியானதோடு மீட்கும் உரிமை முடிந்தது என்று 2023 செப்டம்பரில் செலிர் - பாஃப்னா மோட்டார்ஸ் தீர்ப்பு உறுதி செய்தது. ஏல விளம்பரம் காலையில் அச்சாகி, பணம் மாலையில் வந்தால், பணத்தை வேண்டாம் என்று சொல்லும் துறவு மனம் வங்கிக்கு அந்த ஒரு நாளில் கைகூடுகிறது.

பெரும் நிறுவனங்களிடமும் இதே கடுமையைக் காட்டுகிறார்களோ என்று ஐயுற வேண்டாம். திவால் சட்டத்தில் தீர்வு கண்ட கம்பெனிகளிடம் கடன் கொடுத்தோர் கோரியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு மிச்சத்தை ‘ஹேர்கட்’ என்று சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுக்கிறார்கள். வேண்டுமென்றே கட்டாதவர்களோடும் சமரசம் செய்துகொள்ள வங்கிகளுக்கு வழி உண்டு என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கியே எழுதிவிட்டது. மயூர் விஹார்க்காரர் முடிதிருத்தம் கேட்கவில்லை, மூன்று மாதம் மூச்சுவிட அவகாசம்தான் கேட்டார். வளர்ந்தோரின் சலுகையைச் சிறியோர் தலையில் சுமத்தி அவர்களைச் சங்கடப்படுத்தலாகாது.

வீட்டை ஏலம் விட்டபின் மறந்துவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் இந்தப் பேரன்பின் ஆழம் அறியாதவர்கள். ஏலத்தொகை கடனுக்குப் போதவில்லையென்றால், 13(10) பிரிவின்படி மிச்சத்துக்காக அவர் குடிபோன வாடகை வீட்டுக்கும் தேடி வருவார்கள்.