அதைத் தள்ளிட்டுக் கேளுங்க

காலை ஐந்தரை மணிக்குப் போன் அடித்தால் யாருக்கு என்னவோ என்று பதறி எழுந்திருப்பது நம் வழக்கம். இவர்கள் விஷயத்தில் அந்தப் பதற்றம் வீண். எடுத்து "ஹலோ" என்றால் பதில் வராது. காற்று கொஞ்சம் இரையும். மறுபடி "ஹலோ" என்றால், கருவறைக்கு முன்னால் நிற்கிறவரின் குரலில், "ஷ்ஷ்... கேக்குதா சார்?" என்று வரும்.

"என்ன சார் கேக்கணும்?"

"ஒண்ணுமே கேக்கல இல்ல? அதைத்தான் கேளுங்கன்றேன்."

சென்னையை விட்டுக் கிராமத்துக்குக் குடிபோனவர்கள். உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். ஏலகிரிக்கோ கொல்லிமலைக்கோ போனவர்களை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அங்கே நிஜமாகவே மலை இருக்கிறது, அவர்கள் பாடு. நான் சொல்வது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஒரு மனையில் வீடு கட்டிக்கொண்டு, அந்த இடத்தை 'அமைதியான கிராமம்' என்று சொல்லித் திரியும் இனத்தை. பொதுவாகத்தான் சொல்கிறேன், யாரையும் குறிப்பாக இல்லை. எங்கள் ஆபீஸில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற, இடது காது சற்றே மந்தமான ஒருவர் இதைப் படித்துக் கோபித்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அவர்கள், சரி, அவர், போனை மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டிப் பிடித்திருப்பார். குயில் சத்தம் வரும் என்பது அவர் கணக்கு. நமக்கு வருவது வேறு. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய டிரெய்லர் ஒன்று, எதிரே வரும் கன்டெய்னர் லாரியிடம் வழி கேட்கும். அந்த ஹாரன் மாம்பலத்தில் என் படுக்கையறை ஜன்னலை அதிர வைக்கும்.

"அது டிரெய்லர் சார். அதைத் தள்ளிட்டுக் கேளுங்க."

தள்ளிட்டுக் கேட்பது என்பது ஒரு கலை. முப்பது வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவருக்குக் கழித்தல் இயல்பாக வருகிறது. முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வந்து, திரும்ப இடமில்லாமல் பின்னாலேயே போகும் கம்பெனி பஸ்ஸின் 'பீப் பீப்': அது ஐந்து நிமிஷம்தான், தள்ளிவிட வேண்டும். பக்கத்து மனையில் போர் போடும் வண்டி: தண்ணீர் வந்ததும் நின்றுவிடும், தள்ளிவிட வேண்டும். ஏரிக்கரையில் ஜேசிபி: அது அரசாங்க வேலை. பின்தெரு வாடகை வரிசை வீட்டில் குக்கர் விசிலும் போஜ்பூரிப் பாட்டும்: பாவம், பையன்கள் ஊரை விட்டு வந்திருக்கிறார்கள், தள்ளிவிட வேண்டும். "இதெல்லாம் கழிச்சுப் பாத்தா எவ்ளோ அமைதி சார்!" என்பார். இந்தக் கணக்கில் பார்த்தால் பாரிமுனையும் அமைதியான இடம்தான்.

போனோடு நின்றால் பரவாயில்லை. வாட்ஸ்அப் வந்த பிறகு அமைதியைப் பதிவுசெய்தே அனுப்ப ஆரம்பித்தார். பழைய ஆபீஸ் குழுவில் தினமும் ஓர் ஒலிப்பதிவு, கீழே 'இன்றைய அமைதி' என்று தலைப்பு. முதலில் ஒருவர் தன் போனில் ஸ்பீக்கர் போய்விட்டதென்று கடைக்குக் கொண்டுபோனார். இன்னொருவர் சத்தத்தைக் கூட்டிவைத்துக் காதருகே கொண்டுபோன நேரத்தில் டிரெய்லர் வந்துவிட்டது. அன்றிலிருந்து குழுவில் யாரும் திறப்பதில்லை. திறக்காமலே கைகூப்பிய பொம்மை ஒன்றை அனுப்பிவிடுகிறோம்.

நேரில் போனால் தப்பவே முடியாது. புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் கிரானைட்டில் ஒரு திண்ணை போட்டிருக்கிறார். அதில் நம்மை உட்காரவைத்து, "பேசாதீங்க, அப்படியே உள்வாங்குங்க" என்பார். பிரயாணக் களைப்பில் பசியோடு நாம் உள்வாங்குவோம். உள்ளே மிக்ஸி ஓடத் தொடங்கும். "அதைக் கொஞ்சம் நிறுத்தேன்!" என்று இங்கிருந்து ஒரு கத்தல். மிக்ஸி நிற்கும். இட்லி இருக்கும், சட்னி இருக்காது. கடைசியில் அவர் மனைவியே வெளியே வந்து, "அண்ணா, உங்களுக்கு அமைதி வேணுமா, சட்னி வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, நான் வேலையப் பாக்குறேன்" என்றார். நான் சட்னி என்றேன். நண்பர் என்னோடு மத்தியானம் வரை சரியாகப் பேசவில்லை. அதுதான் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே அமைதி.

அவர் திண்ணையில் உட்காரும் விதத்தையும் சொல்ல வேண்டும். எப்போதும் மேற்கு ஓரம்தான், தூணில் சாய்ந்து. வெகுநாள் கழித்துத்தான் எனக்குக் காரணம் பிடிபட்டது. அப்படி உட்கார்ந்தால் நல்ல காது வயல் பக்கம் இருக்கும், மந்தமான காது சாலைப் பக்கம் இருக்கும்.

மற்றப் பழக்கங்கள் எல்லோருக்கும் பொதுவானவை. பை நிறைய முருங்கைக்கீரை. நாட்டுக்கோழி முட்டை. 'நம்ம தோட்டத்துக் கத்தரிக்காய்' என்று ஒன்று, அதன் காம்பில் படப்பைக் கடையின் விலைச் சீட்டு. காப்பிப் பொடிக்கும் கண் டாக்டருக்கும் மட்டும் சென்னை. விட்டுவிடலாம்.

இந்தக் கிராமப் பாசம் எப்போது பிறந்தது என்பதை மட்டும் விட முடியாது. 2006-இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி செய்யத் தொடங்கியதும் சென்னையே அந்தப் பக்கம் மனை பார்க்கக் கிளம்பியது. இவரும் அடுத்த வருஷம் ஒன்று வாங்கினார். அப்போது அதன் பெயர் கிராமம் இல்லை, 'இன்வெஸ்ட்மெண்ட்'. மதிய உணவு இடைவேளையில் குயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சதுர அடி இன்று என்ன போகிறது என்பதுதான் பேச்சு. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது, 2012-இல் டெய்ம்லர் வந்தது, அவர் முகம் வருஷத்துக்கு வருஷம் மலர்ந்தது. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. விலை கேட்டு வந்துகொண்டிருந்தவர்கள் வரவில்லை. டிசம்பரில் ஒருநாள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "எத்தனை நாளைக்கு சார் இந்த நரக வாழ்க்கை? மண்ணுக்குத் திரும்பணும்" என்றார். திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவர் எந்த மண்ணுக்குத் திரும்புகிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. நியாயமாகப் பார்த்தால் சொந்த ஊருக்குத் திரும்பியது அவருடைய பழைய சான்ட்ரோ கார்தான். அது இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தது.

அந்த வட்டாரத்தில் என்ன செய்கிறார்கள் என்றாவது யோசித்திருக்கலாம். கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள். ஒரகடத்தில் 2013 முதல் ராயல் என்ஃபீல்டு ஓடுகிறது, பிறகு வல்லம் வடகாலிலும் வந்தது. சத்தத்துக்காகவே ஜனங்கள் காசு கொடுத்து வாங்குகிற வண்டி அது. அது பிறக்கும் இடம் அமைதிக்குப் பேர்போனது என்று ஒரு மனிதர் வாயால் சொல்கிறார். பக்கத்து வடக்குப்பட்டில் 2022-இல் தொல்லியல் துறை தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன; பன்னிரண்டாயிரம் வருஷப் பழசு என்றார்கள். ஆக, இந்தப் பக்கம் அப்போதே யாரோ உட்கார்ந்து டங் டங்கென்று தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவர் இருந்திருந்தால் அதையும் தள்ளிட்டுக் கேட்டிருப்பார்.

"ராமானுஜர் அவதரிச்ச மண்ணு சார், அதுக்கே ஒரு சாந்தி உண்டு" என்பது இன்னொரு வாதம். ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் பிறந்த ராமானுஜர் காஞ்சிக்கும் பிறகு திருவரங்கத்துக்கும் போய்விட்டார் என்பதை அவர் சொல்வதில்லை. திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி, ரகசியமாக வைத்திருக்க வேண்டிய மந்திரத்தை ஊருக்கெல்லாம் கேட்கக் கூவினார் என்று ஐதீகம். அந்த ஒன்றில்தான் இவர் அவர் வழி. வீட்டுக்குள் சிக்னல் கிடைப்பதில்லை. நோக்கியா போன பிறகும் உலகத்துக்கே கைபேசி செய்து அனுப்பும் வட்டாரத்தில் போன் பேச மொட்டை மாடி ஏற வேண்டியிருக்கிறது. அங்கே நின்று, பாதி சிக்னலில், மந்தமான காதோடு, அமைதியைப் பற்றி அவர் கத்துவது அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

ஊர்க்காரர்கள் அவரை எப்படிப் பார்க்கிறார்கள்? இரக்கத்தோடு. டீக்கடைக்காரர் என்னிடம் தனியாகக் கேட்டார்: "சாருக்கு மெட்ராஸ்ல இன்னா கஷ்டம்? தண்ணி இல்லியா?" டீக்கடைக்காரரே மகள் படிப்புக்காகத் தாம்பரத்தில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார். நிலத்தைக் கொடுத்தவர்களில் பலர் வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு டவுனுக்குப் போகும் யோசனையில் இருக்கிறார்கள். அவர்கள் போகிற பஸ்ஸில் இவர் வந்து இறங்கியிருக்கிறார்.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது ஸ்பீக்கர் கட்டினார்கள். இவர் பஞ்சாயத்தில் மனு கொடுத்தார். அங்கே விவரமானவர்கள் இருக்கிறார்கள். மறு வருஷம் இவரையே சிறப்பு விருந்தினர் ஆக்கி, துண்டு போர்த்தி, கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். கிராமத்து அமைதியைப் பற்றி நாற்பது நிமிஷம் மைக்கில் பேசினார். கூழ் ஆறிப்போனது. அதன்பின் ஸ்பீக்கரைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை.

ஒரே ஒரு தடவை அந்த ஊர் நிஜமாகவே அமைதியாக இருந்தது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டார்கள். ஆலைகள் நின்றன. டிரெய்லர் இல்லை, கம்பெனி பஸ் இல்லை, பின்தெருப் பையன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எப்படியோ ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கழிக்க எதுவுமே இல்லை. இனிமேல் நாளுக்கு நான்கு போன் வரும் என்று நான் பயந்தேன். இரண்டு வாரம் ஒன்றுகூட வரவில்லை. மூன்றாவது வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு அடித்தது. போனை வெளியே நீட்டவில்லை. "ஒரு லாரிகூட இல்ல சார். தூக்கமே வரமாட்டேங்குது. சும்மா ஏதாவது பேசுங்களேன்" என்றார். அன்று ஆபீஸ் கதை, பழைய மேனேஜர் கதை, அமெரிக்காவில் மாட்டிக்கொண்ட அவர் பெண்ணின் கதை எல்லாம் பேசினோம். மே மாதம் ஆலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு காலை ஐந்தரைக்குப் போன். எடுத்தால் 'பீப் பீப்' என்று பஸ் பின்னால் போகிற சத்தம். "வந்துடுச்சு சார், வந்துடுச்சு!" என்று கூவினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த ஈரத்தோடு முடித்திருப்பேன். ஆனால் போன மாதம் ஒன்று நடந்தது.

அவர் வீட்டுக்குப் பக்கத்து மாடி வீட்டைப் பெண்கள் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பெண்கள் தங்கும் அளவுக்குக் கட்டிய குடியிருப்பை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்தார். அவ்வளவு பெரிய கட்டடம் வந்தும், இடம் போதாமல் ஊருக்கு ஊர் இப்படி வாடகை மாடிகள் நிரம்பியிருக்கின்றன. திருவண்ணாமலை, விழுப்புரம், இன்னும் தெற்கேயிருந்து வந்த பிள்ளைகள். ராத்திரி முழுக்கக் கைபேசி ஆலையில் நின்றுகொண்டு வேலை பார்த்துவிட்டு, காலை ஏழு மணிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கி, ஜன்னலில் துப்பட்டாவைக் கட்டி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு படுக்கிறார்கள். பகல் தூக்கம்தான் அவர்களுக்கு ராத்திரி. அந்த ஊரில் அமைதி தேவைப்படுகிற ஆட்கள் யாராவது உண்டென்றால் அவர்கள்தான். அவர்கள் தலைமாட்டுக்கு நேர் எதிரே உள்ள மொட்டை மாடியில் பத்து மணிக்கு ஒருவர் ஏறி, "கேக்குதா சார்? ஒண்ணுமே கேக்கல பாருங்க!" என்று கத்துகிறார்.

ஒரு பெண் ஜன்னலைத் திறந்து, "அங்கிள், கொஞ்சம் மெதுவா பேசுங்க அங்கிள், நைட் ஷிப்ட்" என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். இவர் கொதித்துப்போய் எனக்குப் போன் செய்தார். "நிம்மதியா இருக்கலாம்னு வந்தா, என் வீட்டு மாடியில நான் பேசக்கூடாதாம் சார். இதுங்கல்லாம் வந்ததுலதான் கிராமமே கெட்டுப்போச்சு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் கோத்த போனாகக்கூட இருக்கலாம் அவர் கையில் இருந்தது. டிரெய்லரைத் தள்ளத் தெரிந்தவருக்கு, ஜேசிபியைத் தள்ளத் தெரிந்தவருக்கு, தூங்கக் கேட்ட ஒரு பிள்ளையின் குரலைத்தான் தள்ளத் தெரியவில்லை. இதைக் கொஞ்சம் காரமாகவே சொன்னேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து விடுதியின் வார்டன் அம்மா வாசல் கேட்டில் அட்டை ஒன்று எழுதி மாட்டியிருக்கிறார்: 'பிள்ளைங்க தூங்குறாங்க. தயவுசெய்து சத்தம் போடாதீங்க.' நண்பர் அதைப் படம் பிடித்து ஆபீஸ் குழுவில் போட்டார். மாம்பலத்திலும் நங்கநல்லூரிலும் மூச்சு முட்டிக் கிடக்கும் எங்களுக்காகக் கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார்.

'போர்டே வெச்சிருக்காங்க பாருங்க சார். அவ்ளோ அமைதியான ஊரு!'