சேவல் கூவி வரைந்த எல்லை
வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: இத்தாலிக்காரர்கள் சிவப்பு ஒயினுக்குத் திராட்சையின் பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை வைக்கிறார்களே, ஏன்?
– கல்லூரி மாணவி, லாபிஸ்

பதில்: ருசிக்கு ஊரே பொறுப்பேற்பதால்தான். கியாந்தி என்ற சிவப்பு ஒயினையே பாருங்கள். கியாந்தி என்பது டஸ்கனியில் பிளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே உள்ள குன்றுகளின் பெயர். கண்டவர்களும் அந்தப் பெயரைச் சொல்லி விற்கத் தொடங்கியதும், 1716இல் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ, இந்த எல்லைக்குள் விளைந்தால்தான் கியாந்தி என்று ஆணையிட்டார். ஒயினுக்கு எல்லை கட்டிய உலகின் மிகப் பழைய சட்டங்களில் அதுவும் ஒன்று.

கேள்வி: கியாந்தி போத்தலில் கறுப்புச் சேவல் எதற்கு? கோழிக்கறியோடு குடிக்க வேண்டுமா?
– சாப்பாட்டுக் கடைக்காரர், சாஆ

பதில்: உங்கள் கடைக் கோழிகள் பயப்பட வேண்டாம்! அந்தக் காலத்தில் பிளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் இடையே இருந்த எல்லைச் சண்டையை முடிக்க இரண்டு ஊரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தனவாம். சேவல் கூவியதும் இரு பக்கமிருந்தும் ஒரு குதிரைவீரன் கிளம்ப வேண்டும். சந்திக்கும் இடமே எல்லை. சியெனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு வயிறு முட்டத் தீனி போட்டார்கள். அது நன்றாகத் தூங்கிவிட்டது. பிளாரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். அது விடியுமுன்பே கூவிவிட்டது. கியாந்தியில் பெரும்பகுதி பிளாரன்ஸுக்குப் போனது. இது கதைதான். ஆனால் 1924இல் ராத்தா என்ற ஊரில் கூடிய ஒயின் உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்து, அந்தச் சேவலையே முத்திரையாக்கினார்கள் என்பது வரலாறு. இன்றும் அந்தக் குன்றுகளில் விளையும் ‘கியாந்தி கிளாசிகோ’ ஒயின் போத்தலில் மட்டுமே அந்த முத்திரை இருக்கும்.

கேள்வி: திராட்சை ஒன்றுதான் என்றால் எங்கே நட்டாலும் ஒரே ருசிதானே?
– செம்பனைத் தோட்டக் கண்காணிப்பாளர், பெக்கோக்

பதில்: மண்ணோடு பழகுகிற நீங்களா இப்படிக் கேட்பது? கியாந்தி கிளாசிகோவில் குறைந்தது 80 விழுக்காடு சான்ஜோவேசே திராட்சை இருக்க வேண்டும். அங்குள்ள மண்ணில் எளிதில் நொறுங்கும் ‘கலேஸ்த்ரோ’ பாறைத்துண்டுகள் நிறைய, தண்ணீர் தேங்காது. குன்றுகளில் இரவு குளிரும். பழத்தின் புளிப்பு குறையாது. அதனால்தான் அந்த ஒயினில் புளிப்புச் செர்ரியின் வாசமும் லேசான துவர்ப்பும். கைப்பக்குவமும் சேர வேண்டும். பெத்தினோ ரிக்காசோலி என்ற பிரபு, எந்தத் திராட்சை மணத்துக்கு, எது மென்மைக்கு என்று 1872இல் கடிதமாகவே எழுதிவைத்தார். இளசாகக் குடிக்கும் ஒயினுக்கு அவர் சொன்ன வெள்ளைத் திராட்சையை 2006இல் கிளாசிகோ விதி விலக்கிவிட்டது. பாரம்பரியம் என்றால் திருத்தவே கூடாது என்பதில்லை.

கேள்வி: ஊர்ப்பெயர் பெற்ற திராட்சை தமிழ் மண்ணில் உண்டா?
– இல்லத்தரசி, சிகாமட்

பதில்: உண்டு. தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சை 2023இல், ஊர்ப்பெயரைச் சட்டப்படி காக்கும் புவிசார் குறியீட்டைப் பெற்றது. உலகத்தில் அதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். இத்தாலியில் ஆண்டுக்கு ஓர் அறுவடைதான். கம்பம் பள்ளத்தாக்கிலோ ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டத்துக் கள்ளும் பாரம்பரியம்தானே? அதற்கு ஏன் அந்த மரியாதை இல்லை?
– ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி, லாபிஸ்

பதில்: ஐயா, கள் இறக்கியவர்களின் கைத்திறன் எந்த நாட்டுக்கும் குறைந்ததல்ல. தென்னம்பாளையைக் கட்டி, பக்குவமாகத் தட்டி, தினமும் மெல்லிசாகச் சீவி, கலயத்தில் சொட்டுச் சொட்டாகப் பிடிக்க வேண்டும். காலையில் இனிக்கும், காற்றிலுள்ள ஈஸ்ட் சேர்ந்து சில மணி நேரத்தில் பொங்கும், மறுநாளே புளித்துக் காடியாகப் போகும்.

கோளாறு அங்கேதான் தொடங்கியது. கியாந்தி பல ஆண்டு தாங்கும். கடல் தாண்டி நல்ல விலை தேடும். கள்ளை அன்றன்றே விற்றாக வேண்டும். வாங்க யார் இருந்தார்கள்? வெட்டுக்காட்டில் களைத்துத் திரும்பிய தொழிலாளிதான். தோட்டத்துக்குள்ளேயே கடை, ஒரு கையால் கொடுத்த கூலி இன்னொரு கையால் திரும்பிப் போனது, வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் பட்டினி கிடந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். முன்நின்ற ஆர்.எச். நாதனை ஆங்கில அரசு நாடு கடத்தியது. 1947இல் கெடாவில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கி, பீடோங் பக்கம் போலீசாரோடு மோதல் வரை போனது. குடிப்பவர்களின் பிள்ளைகளே எதிர்த்து நின்ற ஒரு பானத்துக்கு மரியாதை எப்படி வரும்? மரமேறிகளுக்கு என் வணக்கம். அந்தக் கடைக்கு இல்லை.

கேள்வி: சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?
– ஒரு தாத்தா, யோங் பெங்

பதில்: மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. இதயத்துக்கு நல்லது வேண்டுமானால் காலையில் கொஞ்ச தூரம் நடந்து வாருங்கள் தாத்தா. வரி கூடக் கிடையாது!

கேள்வி: லாபிஸ் பெயரிலும் ஒரு பொருள் புகழ்பெற முடியுமா?
– பலகாரம் செய்து விற்பவர், லாபிஸ்

பதில்: தாராளமாக. சரவாக் மிளகும் பாரியோ அரிசியும் அப்படித்தான் புவிசார் குறியீடு பெற்றன. முதலில் உங்கள் பக்குவத்தை எழுதி வையுங்கள்: எந்த மாவு, எந்த எண்ணெய், எதைச் சேர்க்கவே மாட்டீர்கள் என்று. அதே தொழிலில் உள்ள பத்துப் பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கலப்படம் செய்பவரை அந்தப் பத்துப் பேரே தட்டிக்கேட்க வேண்டும். வருமானமும் செய்கிற கைகளுக்கே வர வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்குக் கிடைக்காமல் போனது இந்த உரிமைதான். உங்கள் பலகாரத்துக்காவது அதை விட்டுக்கொடுக்காதீர்கள், அம்மா.