தாலி கட்டுவதற்கு ரீடேக் கிடையாது

கேள்வி: கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கியாயிற்று. ரெய்டு 0 போடுவதா, 1 போடுவதா?

பதில்: தாலி கட்டுவதை ரீடேக் எடுக்க முடியாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு ரெய்டு 1. பூஜ்யத்தில் 8 டிபி கிடைக்கும், வேகமும் கூடும். ஆனால் ஃபைல்கள் துண்டுதுண்டாக இரண்டு டிஸ்க்கிலும் பிரிந்து கிடக்கும். ஒன்று படுத்தால் எல்லாம் போச்சு. ரெய்டு 1-இல் 4 டிபிதான், ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும்.

மூன்றாவது டிஸ்க் வாங்க வசதியிருந்தால், ரெய்டு 5 ஆசையில் அதையும் பெட்டிக்குள் மாட்டாதீர்கள். ரெய்டு காப்பாற்றுவது டிஸ்க் பழுதிலிருந்து மட்டும். உதவியாளர் தூக்கக் கலக்கத்தில் ரிசப்ஷன் ஃபோல்டரை அழித்தால், அதே நொடியில் ஜோடி டிஸ்க்கிலும் அழிந்துவிடும். ரான்சம்வேர் புகுந்தாலும் இதே கதி. கல்யாணத்துக்குக் கல்யாணம் அந்த மூன்றாவதில் காப்பி எடுத்து, நாலு ஃபைலையாவது திறந்து பார்த்து, கழற்றிக் கொண்டுபோய் வீட்டு பீரோவில் வையுங்கள். நகை வைக்கும் தட்டிலேயே வைக்கலாம், தகுதி உண்டு. அதுவரை கேமரா கார்டை மட்டும் ஃபார்மட் செய்துவிடாதீர்கள்!