மூத்தாப்பாவுக்கு மீசை முளைத்த கதை

கம்பியூட்டரில் கொஞ்சம் போட்டோஷொப் தெரியும் என்பதை மட்டும் சொந்தக்காரர்களுக்குத் தெரியவிடக் கூடாது. கலேவெலயில் நம்மவர் ஒருவர் அதை ஒரு பெருநாள் விருந்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். பிரியாணிச் சஹன் காலியாகுமுன்னே, வீட்டின் ஒரே பழைய கல்யாணப் போட்டோவைத் திருத்தும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

முதலில் வந்தது போட்டோ இல்லை. வட்ஸ்அப்பில் போட்டோவின் போட்டோ. சட்டத்துக் கண்ணாடியில் மின்விசிறியும், படம் பிடித்த மச்சானின் கைத்தொலைபேசியும் மணமக்களைவிடத் தெளிவாகத் தெரிந்தன. "இதுல செய்ய ஏலாதா?" என்று மச்சான் கேட்டார். ஏலாது. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும். சுருக்கியதை யாராலும் விரிக்க முடியாது. மூலப்படத்தைக் கேட்டு வாங்கி, அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வைத்து ஸ்கேன் எடுத்தார்.

1960களில் எடுத்த படம். கலேவெலயில் பஸ் ஏறி, ஏ6 வீதியில் குருநாகலுக்குப் போய், ஸ்டூடியோவில் நின்று எடுத்திருக்கிறார்கள். பின்னால் திரைச்சீலையில் தீட்டிய மாளிகைப் படிக்கட்டு. முன்னால் கோட்டும் துருக்கித் தொப்பியுமாக மூத்தாப்பா. நாற்காலியில் முக்காட்டோடு உம்மம்மா. இரண்டு பேர் முகத்திலும் பல் பிடுங்க வந்தவர்களின் களை.

ஒரு மூலையைக் கறையான் முடித்திருந்தது. மடிப்பு ஒன்று உம்மம்மாவின் தோளைக் குறுக்கே வெட்டிப் போனது. மூத்தாப்பாவின் மேலுதட்டில் கறுப்பாக ஒரு படை. கறுப்பு வெள்ளைப் போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. கொஞ்சம் ஈரம் கிடைத்தால் பூஞ்சணத்துக்கு அது விருந்துச் சாப்பாடு. அதே ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியும் கொள்ளும். அப்படி ஒட்டினால் பிய்க்காமல் கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் எடுக்க வேண்டும். சாச்சி அதற்கு முன்பே கத்தி முனையால் நெம்பிப் பார்த்திருந்ததால், மூத்தாப்பாவின் இடது மணிக்கட்டு கண்ணாடியிலேயே தங்கிவிட்டது.

மடிப்பைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. அமெரிக்காவின் நோல் சகோதரர்கள் எழுதிய போட்டோஷொப் 1990இல் விற்பனைக்கு வந்தது. 2002இல் வந்த ஏழாம் பதிப்பில் 'ஹீலிங் பிரஷ்' சேர்ந்தது. பக்கத்து இடத்தின் இழையை எடுத்து, காயம்பட்ட இடத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப ஒட்டிவிடும். உம்மம்மாவின் தோள் ஒரு மாலைப்பொழுதில் சேர்ந்துவிட்டது.

மீசைதான் சேரவில்லை.

"அது பூஞ்சணம் இல்ல. எங்கட வாப்பாக்கு மீச ஈந்த, நான் கண்டீக்கேன்," என்றார் பெரிய மாமா. கல்யாணத்துக்குப் பிறகு பிறந்தவர் கல்யாணத்தன்றைய மீசைக்குச் சாட்சி. "சும்மா ஈங்க நானா," என்று சாச்சி அலுமாரியிலிருந்து மூத்தாப்பாவின் அடையாள அட்டையைக் கொண்டுவந்தார். இலங்கையில் 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் அட்டை கொடுத்தார்கள். ஊர்ப்பக்கத்தில் பலருக்குத் தனியாக எடுத்த ஒரே போட்டோ அதுதான். அட்டையைத் திருப்பினால், மூத்தாப்பாவுக்கு நெஞ்சு வரை தாடி. வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

நம்மவர் ஸ்கேனைப் பெரிதாக்கிக் காட்டினார். அதே கறுப்புப் படை கன்னத்தைத் தாண்டிப் பின்திரைக்கும் போயிருந்தது. மாளிகைப் படிக்கட்டுக்கும் மீசை முளைத்திருந்தது. பெரிய மாமா இன்றுவரை தீர்ப்பை ஏற்கவில்லை.

கட்டாரிலிருந்து சின்ன மாமாவின் குரல்பதிவு வந்தது: வாப்பாக்கு கையில ஒரு மணிக்கூடு போடுங்க, உம்மாவ கொஞ்சம் சிரிக்க வைங்க, கலரும் ஆக்குங்க, இப்ப ஏஐ எல்லாம் செய்யுமே.

செய்யும். அதில்தான் சங்கடம். மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் ஜி.எப்.பி.கான் என்ற மென்பொருள் 2021இல் வந்தது. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது, என்விடியா நிறுவனம் பிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்கள். மங்கிய இடத்தில் எது இருந்தது என்று அதற்குத் தெரியாது. எது இருந்திருக்கலாம் என்று ஊகிக்கும். அத்தனை பேர் முகத்திலும் படித்ததை வைத்து அது வரைந்துகொடுத்த உம்மம்மாவுக்குப் பளிங்குத் தோல், வில் புருவம். முக்காட்டின் ஓரம் சுருள்முடியாகிவிட்டது. அழகான பெண்தான். ஆனால் அந்தப் பெண்ணை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

சிரிப்பு விஷயம் இன்னும் மோசம். கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் அடைபட்டுக் கொல்லப்பட்டவர்களின் படங்களுக்கு அயர்லாந்துக்காரர் ஒருவர் நிறமூட்டினார். சிலருக்குச் சிரிப்பும் வரைந்திருந்தார். 2021 ஏப்ரலில் வைஸ் தளம் அவற்றை வெளியிட, கம்போடிய அரசு கண்டித்தது; படங்கள் நீக்கப்பட்டன. கல்யாணப் போட்டோவுக்கு இவ்வளவு பெரிய உதாரணமா என்று சின்ன மாமா கேட்டார். சிரிக்காத ஆளைச் சிரிக்க வைப்பது எந்தப் படத்திலும் பொய்தான் என்றார் நம்மவர்.

பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. நம்முடைய மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாவில், 1967 அக்டோபரில் விஷமிகள் ஓவியங்கள் மேல் பச்சைப் பெயின்ட் பூசினார்கள். இத்தாலியிலிருந்து வந்த லூசியானோ மரன்சி, நம் தொல்லியல் திணைக்களத்தாரோடு சேர்ந்து அந்தப் பூச்சைப் பொறுமையாக அகற்றினார். தன் கற்பனையில் புதிதாக ஓர் அழகியை எழுதி வைக்கவில்லை. மாறாக, ஸ்பெயினின் போர்ஹா ஊரில் 2012இல் சிசிலியா ஹிமெனஸ் என்ற மூதாட்டி, தேவாலயத்திலிருந்த இயேசு ஓவியத்தை நல்லெண்ணத்தோடு திருத்தி, குரங்கு மாதிரி ஆக்கிவிட்டார். அதைப் பார்க்க உல்லாசப் பயணிகள் குவிந்தார்கள் என்பது வேறு கதை. கலேவெலக்கு அந்த யோகம் அடிக்காது.

ஆகவே மணிக்கட்டு இல்லாத இடம் மங்கலான சாம்பல் நிறமாகவே நின்றது. மணிக்கூடு இல்லை, சிரிப்பு இல்லை, கலர் இல்லை. சேலையின் நிறம் என்னவென்று கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் தகவலே கிடையாது. அது பச்சை என்று சாச்சியும் ரோசா என்று பெரிய மாமாவும் இன்னும் வாதிடுகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருந்தால், ஏஐ பக்கம் போகுமுன் ஸ்கேன் எடுத்து, அந்த மூலக்கோப்பில் கை வைக்காமல் தனியே வையுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டொகியுமென்டாக அனுப்புங்கள். அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே, படத்தில் இருப்பவர்களின் பெயரைக் கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனையால் அழுத்தி எழுதினால் எழுத்து முன்பக்கத்தில் மணமகன் முகத்தில் தெரியும்.