கப்பலால் இறங்கின மாமா

யாழ்ப்பாணத்தில் முன்பு மலாயன் பென்ஷனியர் என்றொரு பிறவி இருந்தது. கோலாலம்பூர் ரெயில்வேயிலோ ஈப்போக் கந்தோரிலோ முப்பது வருஷம் கணக்கெழுதிவிட்டு, பென்ஷனோடும் கைப்பிரம்போடும் ஊர் திரும்பி, நாற்சார் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு, "அங்கை நாங்கள் இருக்கேக்கை..." என்று தொடங்குவார். கேட்கிறவனுக்குக் கொட்டாவி வரும். ஆனாலும் மனிதர் அங்கே கிடந்து முறிந்தவர் என்பதால் மரியாதைக்குத் தலையாட்டுவான்.

இன்று அந்தக் கதிரை குரூஸ் கப்பல் மாமாவுக்குக் கிடைத்திருக்கிறது. இவருடைய "அங்கை" கிரேக்க நாட்டுச் சன்டோரினித் தீவு. அங்கே இவர் இருந்தது ஆறு மணித்தியாலம். அதிலும் இரண்டு வரிசையில் நின்றதில் போய்விட்டது.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன்பின்னாகக் கட்டுநாயக்காவில் வந்து இறங்குவார். லண்டன் ஹரோவிலிருந்தும் வரலாம், கனடா ஸ்காபரோவிலிருந்தும் வரலாம், ஆள் ஒன்றுதான். முழங்காலளவு காற்சட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கப்பல் கொம்பனியின் பெயர் போட்ட நாடா. கப்பலில் அதில் அறைத் திறப்பு அட்டை தொங்கியது. இப்போது வீட்டுக் கேற்றுத் திறப்புத் தொங்குகிறது. நாடாவைக் கழற்ற மட்டும் மனம் வரவில்லை. கோவிலுக்குச் சேட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போகும்போதும் பூணூலுக்குப் போட்டியாக அது கிடக்கும்.

கப்பல் பயணம் தனியாளாக நடக்கிற காரியமில்லை. இருபத்தைந்தாம் கலியாண நாள் என்று ஒருவர் தொடங்க, நாலு குடும்பம் சேரும். வாட்ஸ்அப்பில் ஒரு குழு. அதில் ஆறு மாதம் சண்டை. பிறகு எல்லாருக்கும் ஒரே நிறத்தில் ரீசேட். ஏதென்சுக்குப் பறந்து, பிரேயஸ் துறைமுகத்தில் ஏற வேண்டும். பெட்டியில் உடுப்புக்குக் கீழே மோர்மிளகாய், மாசிச் சம்பல், வீட்டில் வறுத்திடித்த மிளகாய்த்தூள். கப்பலில் சாப்பாடு இல்லையோ என்றால், "இருவத்துநாலு மணித்தியாலமும் சாப்பாடுதான் தம்பி, ஆனா ஒண்டிலையும் உறைப்பில்லை" என்பார். இத்தாலியச் சமையற்காரன் ஆக்கிவைத்த பாஸ்ராவுக்குமேல் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் தூவப்பட்ட வரலாற்றை அவர் இன்றுவரை வெற்றிக்கதையாகத்தான் சொல்கிறார்.

இனிச் சன்டோரினி. மாமா சொல்லும்போது குறுக்கே பேசக் கூடாது.

"தம்பி, கப்பல் கரைக்குப் போகேலாது. அவ்வளவு ஆழம். நடுவிலை நிக்கும். சின்னப் போட்டிலைதான் இறக்குவான்." இது உண்மை. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, தீவின் நடுப்பாகம் கடலுக்குள் அமிழ்ந்து, மிஞ்சின விளிம்புதான் இன்றைய சன்டோரினி. கப்பல் நிற்பது அந்தப் பள்ளத்துக்கு மேல். மாமா இதைச் சொல்லும் தோரணையில், எரிமலை வெடித்த அன்று பக்கத்தில் நின்று வாளியால் தண்ணீர் ஊற்றியவர் போலிருக்கும்.

பழைய துறையிலிருந்து மேலே ஃபிரா ஊருக்குப் போக மூன்று வழி. ஐந்நூற்றுச் சொச்சப் படி, கழுதை, இல்லாவிட்டால் கம்பி வண்டி. மாமா கம்பி வண்டியில் போனார்.

"கழுதையிலை ஏற எனக்கு விருப்பமில்லை. வாயில்லாச் சீவன், பாவம்."

"சீவகாருணியமும் மண்ணாங்கட்டியும்," என்று குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் வரும். "இவரைக் கண்டவுடனை கழுதைக்காரன் ரெண்டு கையையும் விரிச்சுப்போட்டான்."

கழுதைக்காரன்மேல் பிழையில்லை. 100 கிலோவுக்கு மேலோ, விலங்கின் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேலோ ஏற்றக் கூடாதென்று கிரேக்க அரசு 2018இல் விதி போட்டிருந்தது. மாமா அந்த விதிக்கு இரண்டு பக்கத்தாலும் வெளியே நிற்கிறவர்.

கம்பி வண்டிக்கு வரிசை. மேலே போனால் படமெடுக்கிற மதிலடியில் வரிசை. கழிப்பறைக்கு வரிசை. காந்தம் ஒட்டிய நீலக் கூரைக் கோவில் பொம்மை வாங்க வரிசை. பிறகு, ஐந்து மணிக்குக் கப்பலில் நிற்க வேண்டுமென்ற பயத்தில், இறங்குவதற்கு எல்லாவற்றிலும் நீளமான வரிசை. ஓயா என்ற ஊரின் சூரிய அஸ்தமனத்துக்காகத்தான் உலகமே சன்டோரினிக்குப் போகிறது. மாமாவும் அந்த அஸ்தமனத்தைப் பற்றி அரை மணித்தியாலம் கதைப்பார். அது நடந்தபோது அவர் கப்பலின் பதினோராம் தட்டில் இறால் வரிசையில் நின்றார் என்பதை மாமிதான் சொன்னார். மாமா பார்த்த அஸ்தமனம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

இப்போது கப்பலால் வருகிறவர்கள் ஒரு நாளைக்கு 8,000 பேருக்கு மேல் இறங்கக் கூடாதென்று அந்தத் தீவில் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். 2025 ஜூலையிலிருந்து கோடை உச்சத்தில் இறங்குகிற ஒவ்வொருவரிடமும் 20 யூரோ அறவீடும் உண்டு. மாமா அதற்கு முந்தின ஆள். அந்த இருபது யூரோவைத் தான் உழைத்த காசாகவே கணக்கு வைத்திருக்கிறார். பெண்சாதியின் இருபதையும் சேர்த்து நாற்பது.

இந்த மாமாவின் சொந்த ஊர் புங்குடுதீவு. எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. தீவில் பிறந்து, தீவில் பள்ளிக்கூடம் போய், தீவுச் சோழகத்தில் மணல் தின்று வளர்ந்த ஒருவர், காசு கட்டி இன்னொரு தீவைப் பார்க்கப் போய், "தீவெண்டா அதுதான் தீவு" என்று திரும்பி வந்திருக்கிறார். வெள்ளைச் சுவர்தான் அவரை வீழ்த்தியது. அவருடைய அப்பாச்சி சித்திரை வருஷத்துக்கு முன் சுண்ணாம்பு கரைத்து, தும்புக் கட்டையால் வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்த கிழவி. அந்தச் சுவரில் சாய்ந்து சட்டையில் சுண்ணாம்பு அப்பிக்கொண்டதற்கு வாங்கின அடி மாமாவுக்கு நினைவிருக்கிறது. ஆனால் அதையும் இதையும் அவர் சேர்த்துப் பார்ப்பதில்லை. அது சுண்ணாம்பு, இது சன்டோரினி.

போன ஆவணியில் பிள்ளைகளுக்குத் தீவகத்தைக் காட்ட வேண்டுமென்று வெளிக்கிட்டார். பண்ணைப் பாலம் தாண்டியதும் விளக்கம் தொடங்கியது. ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களை இந்தத் தீவுகளுக்கு வைத்தார்கள்: வேலணைப் பக்கம் லைடன், காரைநகர் ஆம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். "அப்ப நாங்கள் ஐரோப்பாவிலைதான் பிறந்திருக்கிறம், விசாதான் பிந்திக் கிடைச்சது," என்றார் மாமா. அவர் சொன்னவற்றில் நல்ல பகிடி அது ஒன்றுதான். பின் சீற்றில் இருந்த பிள்ளைகள் காதில் கருவி செருகியிருந்தபடியால் வீணாய்ப் போனது.

நெடுந்தீவு லோஞ்சுக்காகக் குறிகட்டுவான் துறையில் இறங்கி முதல் கேள்வி: "போர்டிங் எத்தினை மணிக்கு?" லோஞ்சுக்காரப் பொடியன் நிமிர்ந்து பார்த்தான். "ஆக்கள் நிரம்பினா வெளிக்கிடும் ஐயா." அடுத்தது, "திரும்பி வாறது கடைசி எத்தினைக்கு?" இதுதான் கப்பலால் இறங்கின மனிதரின் அசல் குணம். கரையில் கால் வைக்க முதலே ஏறுகிற நேரம் தெரிய வேண்டும். பதில் கிடைத்தது. மணிக்கூட்டில் அதற்கு ஒரு மணித்தியாலம் முந்தி அலாரம் வைத்தார்.

சோழகம் ஓயாத காலம். பதினைந்து தட்டுக் கப்பலில் ஆடாத உடம்பு, நெடுந்தீவு லோஞ்சில் நன்றாக ஆடியது. பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கலன், இரண்டு மூட்டை வெங்காயம், பள்ளிக்கூடத்துக்குப் போகிற ரீச்சர்மார். ரீச்சர்மார் கொப்பி திருத்தினார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டு நயினை நாகபூசணி அம்மனைக் கூப்பிட்டார். ஏஜியன் கடலிலும் கோடையில் மெல்டெமி என்றொரு வடகாற்று கிளம்பிக் கப்பல்காரரைப் படுத்தும். ஆனால் காற்றுக் கூடினால் கப்பல் அந்தத் தீவை விட்டுவிட்டு அடுத்த தீவுக்குப் போய்விடும். ரீச்சர்மாருக்கு அந்த வசதி இல்லை.

மாவிலித்துறையில் இறங்கினால் குமுதினிப் படகில் 1985 மே 15 அன்று வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம். மாமா அதில் நின்றார். தொலைபேசியைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காதிலிருந்ததைக் கழற்றச் சொல்லி, மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். என்ன சொன்னாரென்று நான் கேட்கப் போகவில்லை. ஆளைப் பகிடி பண்ணி இவ்வளவு எழுதுகிறவன் இதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு ஓட்டோ. பெருக்குமரம், அதன் பொந்துக்குள் நின்று ஒரு படம். ஒல்லாந்தர் கோட்டை இடிபாடு, ஒரு படம். புறாக்கூடு, ஒரு படம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த கட்டைக் குதிரைகள் வெட்டையில் நின்றன. "இதிலை ஏற்றுவாங்களோ?" என்று மாமா கேட்க, மாமி ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கதை அதோடு முடிந்தது.

நெடுந்தீவின் வேலி உலகத்தில் வேறெங்கும் இருக்கிறதோ தெரியாது. பவளக் கல்லைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒழுங்கைக்கு ஒழுங்கை, காணிக்குக் காணி கட்டியிருப்பார்கள். காற்று ஊடே போகும், கல் விழாது. மாமா இடுப்பில் கை வைத்து அதை நெடுநேரம் பார்த்தார். உலகம் கண்ட மனிதருக்கு யோசனை பிறந்தது.

"தம்பி, உதுக்கெல்லாம் வெள்ளை அடிச்சு, கதவுக்கு நீலம் அடிச்சா, சன்டோரினி தோத்துப்போம்."

ஓட்டோக்காரர் பீடியைக் கீழே போட்டார். "அடிக்கலாம் ஐயா. சுண்ணாம்பு கரைக்கத் தண்ணி வேணும். குடிக்கிறதுக்கே நாங்கள் அல்லாடுறம்."

மாமா தலையைக் குலுக்கினார். இந்தச் சனத்துக்கு முன்னேற்றத்தில் அக்கறையில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். சன்டோரினியிலும் நல்ல தண்ணீர் அருமை, கடல்நீரின் உப்பைப் பிரித்துத்தான் அங்கே குழாயில் விடுகிறார்கள், நெடுந்தீவுக்காரர் படுகிற பாடுதான் அவர்களுக்கும். ஆறு மணித்தியாலத்தில் இதெல்லாம் கண்ணில் படாது. கையில் கப்பலால் கொடுத்துவிட்ட தண்ணீர்ப் போத்தில் இருக்கிறதல்லவா.

ஊர் அவரை முழுதாக விட்டுவிடவும் இல்லை. நல்லூர் வீதியில் கச்சான் கொறித்தபடி "மெடிற்றரேனியன்" என்று அவர் நாலாந்தரம் தொடங்கியபோது, பக்கத்தில் நின்ற வல்வெட்டித்துறைப் பெரியவர் ஒருவர் இடைமறித்தார். வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். வேறு பெயர் சூட்டப்பட்ட அந்தக் கப்பலை எங்கள் ஊர் மாலுமிகள் சூயஸ் கால்வாய் கடந்து, மத்தியதரைக் கடல் கடந்து, அட்லாண்டிக்கையும் தாண்டிக் கொண்டுபோய், 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். "உங்களுக்கு முதலே எங்கட ஆக்கள் அந்தத் தண்ணியைக் கண்டிட்டினம் தம்பி. வரிசையிலை நிண்டில்லை, பாய் இழுத்து."

மாமா சற்று யோசித்தார்.

"அதிலை பஃபே இருந்ததோ?"

2023 ஜூனில் கோர்டேலியா கொம்பனியின் எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து காங்கேசன்துறைக்கு வந்தபோது மாமா லண்டனில் நித்திரை கொள்ளவில்லை. யூடியூப்பில் மாறி மாறிப் பார்த்தார். மாலை போட்டு வரவேற்றது நல்லதாம், பனங்கட்டிக்கு மேல் காந்தம் ஒட்டி விற்காதது பிழையாம். அன்று விழுந்த விதை இந்த வருஷம் முளைத்துவிட்டது. அடுத்த முறை ஊருக்கு வருவது கப்பலில்தான். லண்டனிலிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கே கப்பலேறி, காங்கேசன்துறையில் காலையில் இறங்கி, பின்னேரம் ஏறிவிடுவது.

பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் மாமாவின் முழு வாழ்க்கையிலும் இதைவிடப் புத்தியான திட்டம் கிடையாது. வழமைபோல் வந்தால் நாற்பது வீடு ஏற வேண்டும். நாற்பது வீட்டிலும் தேத்தண்ணி, நாற்பது வீட்டிலும் "மெலிஞ்சுபோனியள்". ஒன்றுவிட்ட தமையன் எல்லைக் கல்லைத் தள்ளி நட்ட காணி வழக்கு. கோவில் திருப்பணிக் கொப்பியோடு படலையில் நிற்கிற தலைவர். போனமுறை கொண்டுவந்த சொக்கிலேற் வெயிலில் உருகினதென்று இன்னும் கோபமாயிருக்கிற மச்சாள். கப்பலால் இறங்குகிறவனிடம் இவை ஒன்றும் நெருங்காது. "கப்பல் போயிடும்" என்றொரு வார்த்தை போதும், திருப்பணித் தலைவரும் வழி விடுவார்.

தொலைபேசியில் கொக்குவில் தங்கச்சிக்குத் திட்டத்தை விளங்கப்படுத்தினார். கீரிமலை ஒரு மணித்தியாலம், நல்லூர் முக்கால், கோட்டையும் லைப்ரரியும் வெளியில் நின்று பார்த்தால் போதும், ஐஸ்கிரீம் கடை இருபது நிமிசம். "உங்கட வீட்டுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறன் பிள்ளை. நண்டுக்கறி வச்சிடு."

தங்கச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "அரை மணித்தியாலத்திலை நண்டு உடைச்சுத் தின்னேலாது அண்ணை. நீங்கள் இஞ்சை வரவேண்டாம். நான் சமைச்சு ரிபன் கரியரிலை கட்டிக்கொண்டு துறைமுகக் கேற்றடிக்கு வாறன், அதிலை நிண்டு தின்னுங்கோ. ஆனா ரிபனைத் தந்திட்டு ஏறவேணும். போனமுறை கொண்டுபோன ரெண்டும் இன்னும் லண்டனிலைதான் கிடக்குது."